பட்டறையின் மூன்றாம் கை

ஆரோவில்லுக்கு வடக்கே மரக்காணத்தின் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அக்கடற்காற்றில் இரும்பு நெடுநாள் நிலைப்பதில்லை. எண்ணெய் காணாத திருகு துருவேறிச் சுழல மறுக்கும். 1968இல் ஆரோவில் தோன்றியபோது அச்செம்மண் மேட்டில் மரங்கள் அரிதாகவே இருந்தன. பின்னர் நடப்பட்டவற்றுள் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட, விரைந்து வளரும் வேல இன மரமும் ஒன்று. 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயல் அம்மரங்கள் பலவற்றைச் சாய்த்தது. சாய்ந்த மரம் விறகாவதும் மேசையாவதும் பட்டறையின் திறத்தைப் பொறுத்தவை. தச்சரின் கருவிகளுள் உளியையும் இழைப்புளியையும் அனைவரும் அறிவர். இறுக்கியை அறிந்தோர் சிலரே.

பசையிட்ட பலகைகளைப் பசை உலரும்வரை அசையாது பற்றியிருப்பதே இறுக்கியின் பணி. பட்டறைகளில் இதனைக் கிளாம்பு என்பர். நம் தச்சர் தரையில் அமர்ந்து காலால் மரத்தைப் பற்றியே இழைத்தனர். கால்விரல்களே அவர்தம் முதல் இறுக்கி எனலாம். இரவெல்லாம் பற்றவேண்டிய இடத்தில் கயிறு உதவியது. சட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இடையே குச்சியைச் செருகி முறுக்கினால் இணைப்புகள் நெருங்கும். எதிரெதிராக வைத்த இரண்டு ஆப்புகளைக் கொட்டாப்புளியால் தட்டி இறுக்குவது மற்றொரு முறை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையும் ஒருவகை இறுக்கியே. காய்ச்சி மாட்டிய பட்டை, நீர் ஊற்றியதும் சுருங்கி வட்டைகளை இறுகப் பிடிக்கிறது.

பழம்பொருள் கடைகளில் காண்போரைக் குழப்புவது, முழுதும் மரத்தாலான கைத்திருகு இறுக்கி. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டறைகளில் இது மிகுதியாகப் புழங்கியது. இரண்டு தடித்த தாடைகள், எதிரெதிர்ப் பிடிகளுடன் இரண்டு மரத்திருகுகள். இவ்வளவே அதன் உறுப்புகள். தாடைத் துளைகளை உற்றுநோக்கினால் ஒன்றில் மரை இராது. மற்றொன்று பாதி ஆழத்திலேயே நின்றுவிடும். இதனைக் குறையெனக் கருதி ஒதுக்குவோர் உளர். உண்மையில் அவ்விரு துளைகளே இக்கருவியின் அடையாளம். நடுத்திருகு மரையற்ற துளையில் நுழைந்து மறுதாடையின் மரையில் ஏறி, தாடைகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. பின்திருகு ஒரு தாடையின் மரை வழியே சென்று மறுதாடையின் அரைத்துளையில் முட்டி, பின்முனைகளை விலக்குகிறது. நடுத்திருகு ஆதாரமாக நிற்க, பின்முனை விலகுந்தோறும் முன்முனை நெருங்கும். நெம்புகோல் தத்துவமே இது. பிற்காலத்தில் எஃகுத் திருகும் சுழலும் உருளையும் பொருத்தப்பட்டதால், சாய்வான பரப்புகளையும் பற்ற முடிந்தது.

பயன்படுத்தும்போது தாடைகளை ஏறத்தாழ இணையாக வைத்து முதலில் நடுத்திருகையும், பின்னர்ப் பின்திருகையும் இறுக்குதல் வேண்டும். பலம் முழுவதையும் காட்டினால் பசை பிதுங்கி வெளியேறி இணைப்பு வலுவிழக்கும். பிதுங்கும் பசை ஒட்டாதிருக்கத் தாடைகளில் மெழுகு பூசுவர். டானின் நிறைந்த மரத்தில் ஈரத்தோடு இரும்பு பட்டால் கருங்கறை படியும். மரத்தாடையால் அத்தீங்கு இல்லை. மர மரைக்கும் மெழுகே ஏற்றது. மழைக்காலத்தில் திருகு உப்பி இறுகினால் வலிந்து திருகாமல் நிழலில் உலரவிடுவர். ஒரு மரை உடைந்துவிட்டால், அதே அளவில் மரை வெட்டும் கருவி கிடைப்பது இன்று அரிது.