வேண்டாம் என்று ஒரு பெயர்

மராட்டிய மாநிலத்தில் சதாரா என்று ஒரு மாவட்டம். அங்கே பல பெண்களுக்கு நகுசா என்று பெயர். மராத்தி மொழியில் அதற்கு 'வேண்டாதவள்' என்று பொருள்.

வரிசையாகப் பெண் பிறந்தால் இப்படிப் பெயர் வைப்பார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. அரியானாவில் பத்தேரி என்பார்கள். 'போதும்' என்று பொருள். வங்காளத்தில் ஆன்னாகாளி. 'இனி வேண்டாம், காளியே' என்று வேண்டுதலையே பெயராக வைத்துவிட்டார்கள். நம் பக்கத்துப் போதும்பொண்ணும் இதே கதைதான்.

குப்பன், பிச்சை என்றும் பெயர் வைக்கிறோமே என்று கேட்கலாம். அது வேறு. முன்பு பிறந்த பிள்ளைகள் இறந்துபோன வீட்டில் அப்படி வைப்பார்கள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதற்காக வைத்த பெயர் அது. நகுசா என்பது பிள்ளையே வேண்டாம் என்று வைத்த பெயர்.

ஏன் வேண்டாம்? வரதட்சணை கொடுக்க வேண்டும். கொள்ளி வைக்க மகன் வேண்டும். வயதான காலத்தில் சோறு போடுபவன் அவன்தான் என்ற எண்ணம். மகளிடம் சோறு வாங்கிச் சாப்பிடும் பெற்றோர் எத்தனை பேர்! அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெயருக்கும் அடுத்த பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் என்ற ஒரே வகைதான். தந்தையின் விந்தணுவில் எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை. எக்ஸ் சேர்ந்தால் பெண். ஒய் சேர்ந்தால் ஆண். அப்படியிருக்க, ஏச்சு மட்டும் தாய்க்கு!

2011 அக்டோபரில் சதாராவில் ஒரு விழா நடந்தது. மாவட்ட அதிகாரிகள் நகுசா என்ற பெயருள்ள 285 பெண்களைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களுக்குப் புதுப் பெயர் சூட்டிச் சான்றிதழ் கொடுத்தார்கள். சிலர் நடிகை ஐஸ்வர்யாவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் சாவித்திரி என்று வைத்துக்கொண்டார்கள். பெண்களுக்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் புலே 1831-ல் பிறந்ததும் இதே மாவட்டத்தில்தான்.

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். பெயரை அன்றே எழுத வேண்டும் என்று அவசியம் இல்லை. அவசரத்தில் பாட்டி சொன்ன பெயரை எழுதிவிட வேண்டாம். ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பெரியவர்களும் பெயரை மாற்றலாம். அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். அதைக் காட்டி ரேஷன் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் திருத்தம் கேட்கலாம்.