எல்நினோ என்றாலே வரட்சியா?

எல்நினோ வருகிறது என்று செய்தி வந்தால் போதும், எங்கள் ஊர் தேத்தண்ணிக் கடையில் "இந்த முறை பெரும்போகம் போச்சு" என்ற பேச்சு தொடங்கிவிடும். ஹொரவப்பொத்தானை, கஹட்டகஸ்திகிலிய, கெக்கிராவ பக்கம் சிறு குளங்களை நம்பி வயல் செய்யும் எம்மவர்களை இந்தப் பேச்சு பிழையான முடிவுக்குத் தள்ளுகிறது.

எங்கள் குளங்களை நிரப்புவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழை. எல்நினோ ஆண்டுகளில் டிசம்பர் வரையான மழை பெரும்பாலும் வழமையைவிடக் கூடுகிறது. ஜனவரிக்குப் பிறகுதான் குறைகிறது. (ஒவ்வொரு எல்நினோவும் அப்படியே நடப்பதில்லை என்பதும் உண்மை.) மறுபக்கம், லாநினாவோடு இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பகுதியும் சூடேறினால் மேகக்கூட்டம் இந்தோனேசியாப் பக்கம் போய்விடும். 2016 இன் கடைசியில் நடந்தது அதுதான். அந்த ஆண்டு சுமார் 44 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி 2017 இல் ஏறத்தாழ 24 இலட்சம் தொன்னுக்கு விழுந்தது.

இந்த ஏற்ற இறக்கம் பழையது. அதற்கென்றே பெத்ம முறை இருந்தது. தண்ணீர் போதாத போகத்தில் குளக்கட்டுக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் எல்லோரும் தற்காலிகமாகப் பங்கிட்டுச் செய்வார்கள். கடைசி வயல்காரனுக்கும் சோறு கிடைத்தது.

புதிதாகச் சேர்ந்திருப்பது வெப்பம். எங்கள் குளங்கள் பரந்தவை, ஆழமற்றவை. சூடு கூடக் கூட வாய்க்காலுக்குப் போக வேண்டிய தண்ணீர் ஆவியாகிறது. மழையும் நாலைந்து நாளில் கொட்டிவிட்டு வாரக்கணக்கில் ஓய்கிறது.

அப்படியென்றால் குளம் நிரம்பட்டும் என்று காத்திருப்பது நஷ்டம். 1970களில் அநுராதபுர மாவட்டத்தின் வலகம்பாஹுவ கிராமத்தில் ஒக்டோபர் மழையோடேயே விதைத்து, குறுகிய கால நெல்லைச் செய்து, மிஞ்சிய குளத்து நீரைச் சிறுபோகத்துக்கு வைத்தார்கள். இன்று இரண்டரை மாதத்தில் விளையும் பீஜீ 250 கூட இருக்கிறது.

ஆனால் விதைப்புத் திகதி, நெல் இனம், பெத்ம எல்லாம் தீர்மானிக்கப்படுவது கன்னக் கூட்டத்தில். குளம் வற்றிய பிறகு மழை வேண்டித் தொழ ஊரே திரள்கிறது. கன்னக் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் வருவது ஐந்தாறு பேர். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கடை நடத்தும் காணிக்காரர்கள் எட்டியும் பார்ப்பதில்லை. அவர்கள் சம்மதமில்லாமல் பெத்ம இல்லை. குத்தகைக்காரர்தான் நட்டத்தைச் சுமக்கிறார்.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மூன்று மாத எதிர்வுகூறலைக் கையில் கொண்டுபோங்கள். காணிக்காரரையும் கையோடு கூட்டிச் செல்லுங்கள்.