டயர் காற்றும் எச்சரிக்கை விளக்கும்

2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே நடுத்தடுப்பைத் தாண்டிப் பாய்ந்த கன்டெய்னர் லாரி, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்தனர். டயர் வெடித்ததே காரணம் என்றுதான் முதலில் செய்தி வந்தது. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார், லாரி தடுப்பில் உரசி ஓடியதில்தான் டயர் கெட்டது என்று பின்னர் கேரள மோட்டார் வாகனத் துறை தெரிவித்தது. டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. தூக்கத்தை எந்த சென்சாரும் தடுக்காது. ஆனாலும் திருப்பூர் வட்டாரத்தில் சொந்தக் கார்களைவிட, பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனுக்கும் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரிக்கும் இந்தக் கருவி அதிகம் தேவை என்பேன்.

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவு மீறி மடங்கி நிமிர்கிறது. அதில் சூடு ஏறி, பாரமும் வெயிலும் சேரும்போது வெடிக்கிறது. லாரியின் பின்னால் இரட்டையாகப் பூட்டிய சக்கரங்களில் உள்டயர் இறங்கியிருந்தாலும் வெளிடயர் தாங்கிக்கொண்டு ஓடும், பார்த்தால் தெரியாது. கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்துக் கணிப்பது ஓட்டுநர்களின் வழக்கம். அடியோடு இறங்கிய டயரை அது காட்டிக்கொடுக்கும், கால்வாசி குறைந்ததைக் காட்டாது. சென்சார் காட்டும். ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பின் அமெரிக்கா 2000-இல் சட்டம் இயற்றி, 2007 செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. கருவி உள்ள வண்டிகளில் டயர் மிகவும் இறங்கிக் கிடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 56 சதவீதம் குறைந்ததாக 2012-இல் அந்நாட்டு அரசின் மதிப்பீடு சொன்னது. இந்தியாவில் 2020-இல் வந்த விதித்திருத்தமோ, டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் இந்தக் கருவியும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி வேண்டாம் என்ற சலுகையோடு நின்றுவிட்டது.

குறைகளும் சிறியவை இல்லை. ஒரு வகைக் கருவியில் டயருக்குள் சென்சாரே கிடையாது. சக்கரங்கள் சுற்றும் வேகத்தை ஏ.பி.எஸ். மூலம் ஒப்பிட்டே கணிக்கிறது. நான்கு டயரும் ஒன்றாக இறங்கினால் அது ஏமாறலாம். உள்ளே பொருத்தும் சென்சாரின் பேட்டரி சில ஆண்டுகளில் தீரும். டயரைக் கழற்றும்போது உடையவும் கூடும். அமெரிக்க விதிப்படி கால்பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும், அதாவது 32 பி.எஸ்.ஐ. வேண்டிய டயர் 24-க்கு இறங்கும்வரை எச்சரிக்கை வராமல் போகலாம். மொட்டை டயர், பக்கவாட்டு வெட்டு, பிரியத் தொடங்கிய ரீட்ரெட் எதையும் அது அறியாது.

விளக்கை நம்பி ஓட்டுநர் கேஜ் வைத்துப் பார்ப்பதையே விட்டுவிடுவார் என்பது நியாயமான அச்சம். மெல்லக் கசியும் ஆணிக் குத்தோ, காலையில் கேஜ் வைத்துப் பார்த்த பிறகு வழியில் நேர்வது. அங்கே சென்சாருக்கு மாற்று இல்லை. செலவு என்ற ஆட்சேபத்துக்கு, டீசல் மிச்சம் என்று பதில் சொல்ல மாட்டேன். டயர்களில் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் குறைகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. செலவை நியாயப்படுத்துவது உள்ளே உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகளின் உயிர். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சாரைப் பழைய வேனிலும் பொருத்தலாம். வேன் ஒப்பந்தம் போடும் கம்பெனிகள் இதை நிபந்தனையாக எழுதட்டும்; ஷிப்டுக்குக் கிளம்பும் முன், டயர் சூடேறாத நேரத்தில் கேஜ் வைத்துப் பார்ப்பதையும் அதே தாளில் சேர்க்கட்டும்.