கல்லாவும் அடுப்பும்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையை ஒட்டி, தெலுக் பங்லிமா காராங்கில் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே தோசை தின்று வளர்ந்தவன் நான். கணவர் கல்லாவில், மனைவி அடுப்படியில். நடுவே ஒரு பலகைச் சுவர். அதில் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு சதுரத் திறப்பு. அதன் வழியே தோசை வரும், இரண்டு வளையல் போட்ட ஒரு கை வரும். முகம் வராது.

அவர்கள் இருவரும் வேலை நேரத்தில் பேசிக்கொண்டதை நான் கேட்டதேயில்லை. அவர் கல்லாப் பலகையில் ஒரு வெள்ளிக் காசால் இருமுறை தட்டினால் இரண்டு தோசை. உள்ளிருந்து கரண்டிக் காம்பால் சுவரை ஒருமுறை தட்டினால் தோசை தயார். நாள் முழுதும் அந்தச் சத்தம்தான். பெயர்ப்பலகையில் இருந்தது அவர் பெயர். தோட்டத்துச் சனங்கள் சம்பளத்தன்று வந்து பழைய பாக்கியைக் கொடுத்ததும் அவரிடம்தான். அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு நோட்டில், ஆளுக்கொரு பக்கமாக, அவர் கணக்கு எழுதுவார். பால்மரம் வெட்டியவர்களும் கேரித் தீவுச் செம்பனைக் காட்டிலிருந்து வந்தவர்களும் அந்த நோட்டில் அடுத்தடுத்து இருந்தார்கள். சமைத்த அம்மாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

1993 ஜனவரியில் பிரிட்டனின் பிபிசி, ‘செஃப்!’ என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியது. 1996 வரை மூன்று பருவங்கள், மொத்தம் 20 பகுதிகள். பல ஆண்டுகள் கழித்து, வட்டு வாங்கித்தான் நான் அதைப் பார்த்தேன். ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த லெனி ஹென்றி, காரத் பிளாக்ஸ்டாக் என்னும் தலைமைச் சமையற்காரராக நடித்திருந்தார். இரண்டு மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற நாட்டுப்புற உணவகம் அது. காரத்துக்கு அடுப்பு தெரியும், கணக்கு தெரியாது. உணவகம் நொடித்துப்போகும் நிலையில் கணவனும் மனைவியுமாக அதை வாங்குகிறார்கள். மனைவி ஜானிஸ் கணக்கையும் நிர்வாகத்தையும் கையில் எடுக்கிறாள்.

எங்கள் கடையைத் திருப்பிப் போட்டது போல் இருந்தது. அங்கே ஆண் அடுப்பில், பெண் கல்லாவில். ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. அங்கே சமைத்தவனின் பெயருக்காக ஆட்கள் தொலைவிலிருந்து வந்தார்கள். இங்கே சமைத்தவர் சதுரத் திறப்பில் தெரிந்த ஒரு கை. அந்தத் தொடரில் சமையற்கட்டு மெல்ல மெல்ல அந்த வீட்டைத் தின்றது, மூன்றாம் பருவத்தில் ஜானிஸ் பிரிந்தே போகிறாள். எங்கள் கடைக்காரத் தம்பதி பிரியவில்லை. விடியல் நாலு மணியிலிருந்து இரவு பத்து வரை பத்தடி தூரத்தில்தான் இருந்தார்கள். ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு மட்டும் நான் பார்த்ததில்லை.

இன்று அந்தத் தகரக் கடை இல்லை. சற்றுத் தள்ளி, சுதந்திர வர்த்தக வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் வழியில், கடைவீட்டு வரிசையின் கீழ்த்தளத்தில் மகனும் மருமகளும் நடத்துகிறார்கள். அன்று தோசை 25 காசு, இன்று 2 வெள்ளி. அன்று அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்தது, இன்று மாவு இயந்திரத்திலும் மசாலா பொட்டலத்திலும் வருகிறது. அன்று 555 நோட்டு, இன்று கல்லா மேசையில் கியூஆர் அட்டை. அதில் கடன் சொல்ல இடமில்லை. மாதக் கடைசியில் கையில் காசில்லாத ஆளும் அன்று இலை போட்டுச் சாப்பிட்டான். இன்று அவன் எங்கே சாப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை, அது மனதை அரிக்கிறது.

கணக்கு முழுவதும் மருமகள் கையில். உரிமத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. அவருக்கு மாதச் சம்பளம் உண்டு, ஊழியர் சேமநிதியும் கட்டுகிறார்கள். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலில் 2013-இல் வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. மாமியார் முப்பது ஆண்டு நெருப்பில் நின்றதற்கு ஒரு வெள்ளிகூடச் சம்பளம் என்று வாங்கியதில்லை. பழைய ருசியை நினைத்து ஏங்கும்போதெல்லாம் இந்தக் கணக்கையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். அந்த ருசியின் விலையை நாங்கள் யாரும் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார்.

மிஷ்லின் வழிகாட்டி 2022 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்தது. சமையற்காரர்களின் பெயரும் படமும் இப்போது நாளிதழில் வருகின்றன. நல்லதுதான். எங்கள் ஊரில் அடுப்படியில் நிற்பவர் இன்று தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்த ஓர் இளைஞர். அவர் பெயரும் பலகையில் இல்லை. ஆர்டர் வந்தால் சிறு இயந்திரம் சீட்டைத் துப்பும், அதைப் பார்த்துச் செய்வார். யாரும் காசால் தட்டுவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மா கடைக்கு வருவார். எழுபது தாண்டிவிட்டது, முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு கறுத்துக் கிடக்கிறது. போன மாதம் நான் போயிருந்தபோது நேராக உள்ளே நுழைந்தார். இளைஞர் அடுப்பை விட்டு விலகி, “உப்பு பாருங்க, ஆத்தா” என்று கரண்டியை நீட்டினார். அவர் ரசத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். உப்பு போட்டார். பிறகு, பழக்கம் போலிருக்கிறது, கரண்டிக் காம்பால் சுவரை ஒருமுறை தட்டினார். அது சிமெண்டுச் சுவர். வெளியே கேட்கவில்லை.