எச்.ஐ.வி.: மருந்து வந்துவிட்டது, தயக்கம் போகவில்லை

சென்னையில் தெரிந்த முதல் தொற்று

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அவை பரிசோதிக்கப்பட்டன. 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. பின்னர் வந்த 'புள்ளி ராஜா' விளம்பரம், ஆணுறையைப் பற்றி ஊரறியப் பேச வைத்தது. ஆனாலும் 'தப்பு செய்தவர்களுக்கு வரும் நோய்' என்ற பேச்சு ஓயவில்லை. கணவரைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்குத் தொற்று வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பெண்களுக்காகவே, அவர்களில் ஒருவரான கௌசல்யா போன்றவர்கள் 1998-ல் சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

நம்பிக்கை மையத்தில் என்ன நடக்கும்?

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். உள்ளே போனதும் ஊசியை எடுத்துவிட மாட்டார்கள். ஆலோசகர் முதலில் உட்கார வைத்துப் பேசுவார்; உங்கள் சம்மதம் கேட்ட பிறகுதான் ரத்தம். முதல் சோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டினாலும் அதை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. வெவ்வேறு வகைக் கருவிகளால் மூன்று முறை சோதித்தே உறுதி செய்கிறார்கள். புதிதாகத் தொற்றியிருந்தால் தொடக்க வாரங்களில் தெரியாமல் போகலாம். அதனால் தேவைப்பட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்வார்கள்.

தினம் ஒரு மாத்திரை

2004 முதல் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாகத் தருகிறது. தொடக்கத்திலேயே தந்த இடங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அன்று எதிர்ப்பு சக்தி குறையும்வரை காத்திருந்துதான் சிகிச்சையைத் தொடங்கினார்கள். 2017-க்குப் பிறகு தொற்று உறுதியானாலே மருந்து உண்டு. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒரு வேளை, பெரும்பாலோருக்குப் போதும். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால், உடலுறவு வழியாக அது இணையருக்குத் தொற்றாது. சிகிச்சை இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 45 பேர்வரை தாயிடமிருந்து தொற்று பெறக்கூடும். முறையான சிகிச்சை அதை 5-க்கும் கீழே கொண்டுவருகிறது.

இவ்வளவு நல்ல மருந்தைச் சத்து மாத்திரை டப்பாவுக்குள் ஒளித்து வைக்க வேண்டியிருப்பதுதான் வேதனை. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று, மருந்து வாங்கப் பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். பயணம் தள்ளிப்போனால் மாத்திரையும் விட்டுப்போகும்.

சட்டம் துணை நிற்கிறது

2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் வேலை, பள்ளி, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லவும் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

72 மணி நேரம்

பிறருக்குப் போட்ட ஊசி குத்திவிட்டாலோ, பாலியல் வன்முறைக்கு ஆளானாலோ 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நள்ளிரவிலும் போகலாம்.