மூன்றாவது வாரப் பரபரப்பு

சொந்தமாகக் கடையோ பட்டறையோ நடத்துபவர்களை மாதத்தின் மூன்றாவது வாரத்தில் பார்த்திருக்கிறீர்களா? வியாபாரத்தைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்கை முடித்தாக வேண்டுமே!

இந்த ஓட்டத்தைக் குறைக்க 2021 ஜனவரி முதல் ஒரு வழி இருக்கிறது. ஏனோ பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. முந்தைய நிதியாண்டில் விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால், அந்தக் கணக்குக்கான ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்தால் போதும். வருடத்துக்கு 12 தடவை உட்கார்ந்த வேலை 4 தடவையில் முடியும். தமிழ்நாட்டில் இதற்குக் கெடு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22-ஆம் தேதி.

வரிப்பணம் மட்டும் அதுவரை காத்திருக்காது. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கான வரியை அடுத்தடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் செலான் மூலம் கட்ட வேண்டும். ஏற்கெனவே காலாண்டு முறையில் இருப்பவர்களுக்கு அதிலும் ஒரு சுலபம்: போன காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 சதவீதத்தைக் கட்டலாம்.

ஆனால், உங்களிடம் வாங்குவோர் கம்பெனிகள் என்றால், உங்களிடம் கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்வதற்காக, மாதாமாதம் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பில்லைக் காட்டச் சொல்வார்கள். அப்போது மிச்சமாகும் நேரம் குறைவுதான். சில்லறையில் விற்கும் மளிகைக்கடை, ஜவுளிக்கடைக்காரர்களுக்கே இதில் முழுப் பலன்.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு மாற விரும்புவோர், மே 1 முதல் ஜூலை 31 வரை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் விருப்பம் தெரிவிக்கலாம். அதற்குமுன், நிலுவையில் உள்ள கடைசிப் படிவத்தைத் தாக்கல் செய்திருக்க வேண்டும்.