மழை விட்டாலும் விடாத ஈரம்

மும்பைத் தீவு நகரில், கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை, பழைய வாடகைக் கட்டடங்களுக்குச் ‘செஸ்’ கட்டடங்கள் என்று பெயர். பழுதுபார்ப்பதற்காக அவற்றின்மீது ஒரு வரி உண்டு. அதற்கான சட்டம் 1969-இல் வந்தது. அப்போது 19,642 கட்டடங்கள் அந்தக் கணக்கில் இருந்தன. மாட்டுங்கா இந்த எல்லைக்குள் வருகிறது, செம்பூர் வராது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன், மாநில வீட்டுவசதி அமைப்பான மாடாவின் வாரியம் மிக ஆபத்தான கட்டடங்களின் பட்டியலை வெளியிடுகிறது. கிர்காவ், காளபாதேவிப் பக்கத்துச் சால் எனும் பழைய குடியிருப்புகளில் பலவற்றுக்கு எலும்புக்கூடே மரம்தான். தேக்குத் தூண், தேக்கு உத்தரம், இடையில் செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு.

இந்தச் சுவர்களுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எப்போது உலரும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிட ஒரு முறை இருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மரச்சுவர் கட்டுவோர் அதை வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். மழையிலேயே வாழும் மும்பைக்கு அது இன்னும் அதிகம் தேவை.

மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும். பிப்ரவரியில் மும்பைக் காற்றில் கிடக்கும் ஒரு மரச்சட்டத்தில், அதன் உலர் எடையில் சுமார் 12 சதவீதம் நீர் இருக்கும். ஜூலையில், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தொடும்போது, ஒரு துளி மழை படாமலேயே அது 18 சதவீதத்தை எட்டும். 20-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 28, 30 என்று போய் அங்கேயே நின்றுவிட்டால் அழுகல் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். அதாவது, மழைக்காலத்தில் நம் மரத்துக்கு மிச்சமிருக்கும் இடைவெளி மிகச் சிறியது. தேக்கின் வைரம் தாக்குப்பிடிக்கும். வெளிப்புற வெள்ளைக்கட்டை தாங்காது.

முதலில் கெடுவது உத்தரத்தின் முனை, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் அரையடி. மரத்தின் வெட்டுமுகம்தான் நீரை வேகமாக உறிஞ்சும். அந்த முகமோ நனைந்த செங்கல்லோடு ஒட்டிக்கிடக்கிறது. மேலே மோரி, அதாவது குளிக்கும், கழுவும் இடம், இருந்தால் கேட்கவே வேண்டாம். அறையிலிருந்து பார்த்தால் உத்தரம் புதிதுபோல் இருக்கும். முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும்.

கணினி முறை என்ன செய்கிறது? சுவரைக் குறுக்காக நூற்றுக்கணக்கான மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்றின் திசை, சுவரில் மோதும் சாரல் ஆகியவற்றைக் கொடுக்கிறோம். ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு வெப்பம் வந்தது, எவ்வளவு நீர் ஆவியாகவும் திரவமாகவும் நகர்ந்தது, எவ்வளவு தங்கியது என்று மணிக்கு மணி கணக்கு எழுதுகிறது. 1950-களில் ஜெர்மனியின் கிளேசர் தந்த பழைய வரைபட முறை ஆவியை மட்டும்தான் பார்த்தது; மழையையும், சுவர் நீரைத் தேக்கிவைப்பதையும் அது கணக்கில் கொள்ளவில்லை. 1994-இல் ஹார்ட்விக் குன்செல் தம் முனைவர் ஆய்வில் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரே கணக்கில் இணைத்தார். பிரான்ஹோஃபர் நிறுவனத்தின் ‘வூஃபி’ மென்பொருள் அதன்மேல் எழுந்தது. அமெரிக்காவின் ஆஷ்ரே 160 தரநிலை ஒரு படி மேலே போய், சுவரில் மோதும் மழையில் 1 சதவீதம் எப்படியும் உள்ளே கசியும் என்று வைத்தே கணக்கிடச் சொல்கிறது. கசியவே கசியாத சுவர் என்று ஒன்று இல்லை என்பதை ஒப்புக்கொண்ட நேர்மை அது.

இந்தக் கணக்கை மும்பைக்குப் போட்டால் ஒரு முக்கியமான உண்மை வெளிப்படும். டொராண்டோவில் இருக்கும் நம் உறவினர் வீட்டில் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால், ஆவியழுத்தம் வெளியே சுமார் 200 பாஸ்கல், உள்ளே 870. ஆவி உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அதனால்தான் அங்கே பிளாஸ்டிக் தாளைச் சுவரின் உட்புறம் ஒட்டுகிறார்கள். செம்பூரில் ஜூலை மாதம் ஏசி ஓடும் படுக்கையறையில் நிலைமை தலைகீழ். வெளியே 3,200 பாஸ்கல், உள்ளே அதில் பாதி. ஆவி உள்ளே வரத்தான் முண்டும். வெளிக்காற்று 25 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே வியர்க்கும் நிலை. அறையை 22-க்குக் குளிர்வித்து, உட்சுவரில் வினைல் தாளோ பளபளப்பான லேமினேட்டோ ஒட்டினால் அதன் பின்னால்தான் நீர் கோக்கும். மேற்குச் சுவரை ஒட்டிய பிளைவுட் அலமாரியின் முதுகில் பூசணம் பூப்பதும் இதனால்தான். கனடாவுக்கு மருந்தாவது இங்கே நோய்.

கனடாவும் பாடம் படித்துத்தான் தெளிந்தது. வான்கூவரில் 1980, 90-களில் எழுந்த ஏராளமான மரச்சட்டக் குடியிருப்புகள் மழைநீர் புகுந்து, உலர வழியின்றி உள்ளுக்குள் அழுகின. 1998-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியதாயிற்று. சுவர் நனைவதைவிட, நனைந்தபின் உலர முடியாமல் போவதே பெரிய கேடு என்று அப்போது உறைத்தது.

மும்பையில் அதே தவறைச் சிறிய அளவில் ஆண்டுதோறும் செய்கிறோம். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துச் சிமென்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து, ‘வாட்டர்ப்ரூஃப்’ ஆயிற்று என்கிறோம். விரிசல் வழியே நுழைந்த நீர் அக்டோபரில் மழை விட்ட பிறகும் வெளியேற முடியாமல் உத்தர முனையில் தங்குகிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியேறவிடும். பழைய மேஸ்திரிகள் கைப்பழக்கத்தில் செய்தது கணக்கிலும் சரியாகவே வருகிறது.

கணினியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. மோரிக் குழாயின் கசிவு எந்த வானிலைத் தரவிலும் இல்லை. மென்பொருளில் உள்ள செங்கல்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய, வட அமெரிக்கச் செங்கல்கள். கிர்காவின் நூறு வருடச் செங்கல் எவ்வளவு வேகமாக நீர் குடிக்கும் என்பதை இங்கேதான் அளக்க வேண்டும். அது பெரிய சோதனை அல்ல. செங்கல்லின் ஒரு முகத்தை மட்டும் நீரில் வைத்து, குறித்த இடைவெளிகளில் எடுத்து எடுத்து நிறுத்தால் போதும். மறுகட்டுமானத்துக்காக நாள்தோறும் இடிபடும் கட்டடங்களில் அந்தச் செங்கல் குவிந்து கிடக்கிறது. கட்டட ஆய்வுகளில் நீண்ட அனுபவமுள்ள வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி மாட்டுங்காவிலேயே இருக்கிறது. மாடா வாரியமும் அந்தக் கல்லூரியும் கைகோத்து மும்பைச் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டி எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும்.

அதுவரை, மரக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் ஆய்வுக்கு வரும் பொறியாளரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: மோரிக்குக் கீழேயுள்ள உத்தர முனைகளில் ஈரமானியைக் குத்தி, மே மாதம் ஒரு முறையும் அக்டோபர் முடிவில் ஒரு முறையும் எடுத்த அளவுகள், எழுத்தில். 20-க்கு மேல் இருந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் குழாயைச் சரிசெய்யுங்கள்.